சந்தனம் வெச்ச வில்லு

துப்பாக்கி இல்லீங்க தம்பி. வீணையும் இல்லை. கண்டக்டரும் இதேதான் கேட்டாரு, லக்கேஜ் டிக்கெட் போடலாமா வேண்டாமான்னு அவருக்கே குழப்பம். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்கிட்டீங்கன்னா இதை மடியிலயே வெச்சுக்குவேன். கீழ வெக்கக் கூடாதுங்க. சோமனூர் ரோட்டுல இந்த பஸ் போடற போடுக்கு உள்ள இருக்கற ஸ்குரூ எல்லாம் தளந்துரும்.

வில்லுங்க. வில்லு, அம்பு. சிரிக்கறீங்க பாருங்க. மூங்கிலை வளைச்சுக் கயிறு கட்டினதுன்னு நினைச்சுக்கிட்டீங்க. இது காம்பவுண்ட் வில்லு. மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம், நாணு அது ரெண்டுலயும் சுத்தி வரும். சக்கரம்னா முழு வட்டம் கிடையாது, கொஞ்சம் கோணலா இருக்கும். நாணை இழுக்கறப்ப மொதல்ல முரண்டு பிடிக்கும். முக்கால்வாசி வந்ததும் சக்கரம் புரண்டு, பட்டுனு லேசாயிரும். அப்புறம் நின்னு நிதானமா குறி பாத்து விடலாம். அம்பது மீட்டர் தள்ளி, சோத்துத் தட்டு அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம். அதுல அடிக்கணும்.

அடிக்கறது நான் இல்லீங்க. அதோ, முன்னாடி மூணாவது சீட்டு, நீலச் சேலை, கனகாம்பரம் வெச்சிருக்கறா பாருங்க, அவதான். சாந்தாமணி. என் வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். நாப்பத்தாறு வயசு. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குன்னு வில்வித்தைக் கேம்ப்புக்குப் போனவ, அவளே வில்லைப் பிடிச்சுக்கிட்டா. இப்ப மூத்தோர் பிரிவுல நேஷனல் ஆடப் போறா, ராஞ்சியில. மத்தியானம் கோயமுத்தூர்ல ரயிலு. என் பேரு செங்கோடன். வில்லைப் பாத்துக்கறது நானு.

பாத்துக்கறதுன்னா லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதீங்க. முப்பது வருஷம் பவர்லூம்ல பிட்டரா இருந்தவனுங்க நான். தறி ஓடற சத்தத்தை வாசல்ல நின்னு கேட்டே எந்தத் தறியில எந்த நட்டு லூசுன்னு சொல்லிருவேன். எங்க முதலாளி மாசி மாசம் இருபத்தி நாலு தறியையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. லாரி வந்துச்சு, ஏத்துனாங்க, போயிருச்சு. நான் ஸ்பேனர் பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்டுல என்ன பண்றது சொல்லுங்க. கொஞ்ச நாள் சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் மிக்ஸியைப் பிரிச்சேன். நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, ஆனா இன்னும் நல்லா ஓடட்டும்னு பிரிச்சேன். அது அதுக்கப்புறம் ஓடலை. அது வேற கதை. அன்னிக்குச் சாயங்காலம்தான் பீரோ பக்கத்துல இந்தப் பெட்டி என் கண்ணுல பட்டுச்சு. திறந்து பாத்தேன். தம்பி, எத்தனை ஸ்குரூங்கறீங்க. அத்தனையும் ஆலன் கீ போடறது, எல் மாதிரி வளைஞ்ச ஆறு பட்டைச் சாவி. எனக்குக் கை துறுதுறுன்னு வந்துருச்சு.

அவ பள்ளிக்கூடம் விட்டு வந்தா. நான் வில்லை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தா. ஒரு நிமிஷம் நின்னா. கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. அம்பு வெக்காம மட்டும் நாணை இழுத்து விட்டுராதீங்க, வில்லே உடைஞ்சு போயிரும்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டா. அதுக்கு என்ன அர்த்தம்? எடுத்துக்கங்கன்னுதானே அர்த்தம்?

அப்புறம் போன்ல வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். ஒரு வெள்ளைக்காரன், தாடி வெச்சவன், காருக்குள்ள கூட வில்லோடதான் இருப்பான். அவன் பேசற இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனா அவன் கை புரியும். ஒரு பிட்டரோட கை இன்னொரு பிட்டருக்குப் புரியாதா? நாணுக்கு மெழுகு போடறது எப்படின்னு அவன்கிட்டத்தான் கத்துக்கிட்டேன். மெழுகைத் தடவி ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்க்கணும். அந்தச் சூட்டுல அது இழைக்குள்ள இறங்கும். தேய்க்கலைன்னா வெறும் பிசுக்குத்தான் மிஞ்சும். நாணுக்கு மேல இன்னொரு நூலு சுத்தியிருப்பாங்க, அங்க மட்டும் மெழுகு ஆகாது. நாணைக் கழட்டறதுக்கு வில்லை அமுக்கிப் பிடிக்கற பிரஸ்னு தனியா ஒண்ணு வேணும், அது இல்லாம அங்க கை வெக்கக் கூடாதுன்னும் அவன் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டுனான். அதுல நான் கை வெக்கலீங்க. நானும் முட்டாள் கிடையாது.

பேப்பர் டியூனிங்னு ஒண்ணு இருக்குது. அதுதான் இதுல உசுரு. ஒரு சட்டத்துல பேப்பரை விறைப்பா ஒட்டி, ஆறடி தள்ளி நின்னு, அம்பை அது வழியா விடணும். அம்பு நேராப் போச்சுன்னா நடுவுல பொட்டு மாதிரி ஒரு ஓட்டை, சுத்தி மூணு கீறல், இறகு போன தடம். அவ்வளவுதான். அம்பு வாலை ஆட்டிக்கிட்டுப் போச்சுன்னா பேப்பர் ஒரு பக்கமாக் கிழியும். எந்தப் பக்கம் கிழியுதுன்னு பாத்து, அம்பு உக்கார்ற தாங்கியை ஒரு மயிரிழை நகத்தணும். மறுபடி விடணும். மறுபடி நகத்தணும்.

நான் கார் ஷெட்டுல கழிவுப் பஞ்சு மூட்டையை அடுக்கி வெச்சு, முன்னாடி ஞாயித்துக்கிழமை பேப்பரைக் கட்டி, தினமும் சாயங்காலம் அடிப்பேன். எங்ககிட்டக் கார் கிடையாது, அதனால ஷெட்டு காலியாத்தான் இருக்கும். நாலு நாள்ல பொட்டு ஓட்டை விழுந்துருச்சுங்க. வெட்டி எடுத்துச் சாமி படத்துக்குக் கீழ ஒட்டி வெச்சேன். அவகிட்டக் காட்டுனேன். நல்லா இருக்குதுங்கன்னா.

ஆனா பாருங்க, இந்த வில்லுல ஒரு குறை இருந்துச்சு. நான் இன்னிக்குச் சாயங்காலம் பொட்டு ஓட்டை விழற மாதிரி வெச்சேன்னா, நாளைக்குச் சாயங்காலம் எடுக்கறப்ப அது நகந்திருக்கும். தாங்கி ஒரு மயிரிழை வலது பக்கம் போயிருக்கும். மேலயும் கீழயும் பெரிய போல்ட்டு ரெண்டு இருக்குது, அதை நான் அரைச் சுத்து முறுக்கி வெப்பேன். கொஞ்சம் தொளதொளன்னு இருந்த மாதிரி பட்டுச்சு, அதான். மறுநாள் பாத்தா அரைச் சுத்துத் தளந்திருக்கும். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. தினமும். வெயிலுக்கு இரும்பு விரியுதுன்னு நினைச்சேன். ஸ்கூட்டியில வெச்சுக்கிட்டுப் போறா, குலுங்கித் தளருதுன்னு நினைச்சேன். இத்தனை விலை போட்டு விக்கறானுங்க, ஒரு போல்ட்டு ஒரு நாள் நிக்க மாட்டேங்குதேன்னு பக்கத்து வீட்டு வாசுகி அக்காகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். நான் ஒருத்தன் தினம் முறுக்கலைன்னா இந்த வில்லு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அப்படியே எட்டு மாசம். ஒரு நாள் விடலை. காய்ச்சல் வந்த அன்னிக்கும் போர்வையைப் போத்திக்கிட்டுப் போயி முறுக்கிட்டு வந்து படுத்தேன். அவ மாவட்டத்துல ஜெயிச்சா, மண்டலத்துல ஜெயிச்சா. பள்ளிக்கூடத்துல மாலை போட்டாங்க. மேடையில அவளைப் பேசச் சொன்னாங்க. இதுக்கெல்லாம் காரணம் எங்க வீட்டுக்காரர் தர்ற ஊக்கம்னு சொன்னா. ஊக்கம். பாருங்க, ஒரு வார்த்தை டியூனிங்னு சொன்னாளா? கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு.

விஜயதசமி அன்னிக்கு நேஷனலுக்கு ஆள் எடுக்கறாங்க, கோயமுத்தூர்ல. முந்தின நாள் ஆயுத பூஜை. தறிக்காரனுக்கு ஆயுத பூஜைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. தீபாவளியைக் கூட விட்டுருவோம். தறியை இண்டு இடுக்கு விடாமத் துடைச்சு, பழைய கிரீஸைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலையோட படைப்போம். இந்த வருஷம் தறி இல்லை. மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. ஸ்பேனர் பை, ஓடாத மிக்ஸி, அவ ஸ்கூட்டி, அப்புறம் இந்த வில்லு. வில்லை ஒவ்வொரு பாகமாத் துடைச்சேன்.

அப்பத்தான் பாத்தேன், அங்கங்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி. தாங்கி ஸ்குரூகிட்ட ஒண்ணு, மேல் போல்ட்டுல ஒண்ணு, கீழ் போல்ட்டுல ஒண்ணு, குறி பாக்கற கம்பியில நாலஞ்சு. மோந்து பாத்தேன், நகப் பாலிஷ். இந்த வயசுல இவளுக்கு நகப் பாலிஷ் எதுக்கு, அதையும் வில்லு மேல கொட்டி வெச்சிருக்கறாளேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே, தின்னர் போட்டு ஒரு புள்ளி விடாம அழுத்தித் துடைச்சேன். பளபளன்னு ஆயிருச்சு. புள்ளி இருந்த இடத்துலயே சந்தனம் வெச்சு, மேல குங்குமம் வெச்சேன். பாக்க அவ்வளவு லட்சணமா இருந்துச்சுங்க.

சாயங்காலம் அவ வந்து, ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கறேனேன்னா. நான் விடலை. பூஜை போட்ட சாமானை மறுநாள் காலைல வரைக்கும் தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா, முப்பது வருஷத்துல ஒரு ஆயுத பூஜைக்கு நான் ஸ்பேனரைத் தொட்டிருக்கறேனான்னு கேட்டேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு நானே கற்பூரம் காட்டிப் பெட்டியில வெச்சுத் தர்றேன்னேன். அவ கொஞ்ச நேரம் வில்லையே பாத்துக்கிட்டு நின்னா. துணி போத்தித்தான் வெச்சிருந்தேன். சரிங்கன்னு போயிட்டா.

மறுநாள் நானும் கூடப் போனேன். எட்டு மாசத்துல அன்னிக்குத்தான் முத முறை மைதானத்துக்குப் போறேன். அவ கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு வேலை சாயங்காலம்தானே. அவ பெட்டியைத் திறந்தா. சந்தனத்தைப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் குனிஞ்சு உத்துப் பாத்தா. விரலால சந்தனத்தைச் சுரண்டிப் பாத்தா. அப்படியே தரையில உக்காந்துட்டா.

"இங்க ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சுங்களே."

தின்னர் போட்டுத் துடைச்சுட்டேன்னு பெருமையாத்தான் சொன்னேன். அவ மத்த சந்தனத்தையும் ஒவ்வொண்ணாச் சுரண்டிப் பாத்தா. என்ன சாந்தா, என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் மெதுவாச் சொன்னா. அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் அவளோட அளவாம். தினம் காலைல அஞ்சே காலுக்குப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயி, நான் நகத்தின தாங்கியைப் புள்ளிக்குத் திருப்பி நகத்தி, நான் முறுக்கின போல்ட்டைப் புள்ளிக்குத் தளத்தி, அதுக்கப்புறம்தான் அடிக்க ஆரம்பிப்பாளாம். முக்கால் மணி நேரம் ஆகுமாம். அஞ்சு மணிக்கே இவ எதுக்குக் கிளம்பறான்னு நானும் நினைச்சிருக்கறேன். பக்தி அதிகமாயிருச்சு, கோயிலுக்குப் போயிட்டுப் போறான்னு இருந்துட்டேன்.

தினமுமான்னு கேட்டேன். தினமும்னா. அளவை ஒரு நோட்டுல எழுதி வெக்கக் கூடாதான்னு கேட்டேன். புள்ளி இருக்கறப்ப நோட்டு எதுக்குன்னு இருந்துட்டேன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. தப்பு பண்ணினவனுக்குத்தானே மொதல்ல கோவம் வரும். எட்டு மாசம் என்னைக் கோமாளியாக்கிட்டே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனான்னு சத்தம் போட்டேன். நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க.

அவ தலையைத் தூக்கலை. ஆலன் கீயைத் தேடி எடுத்துக்கிட்டே சொன்னா.

"தறி போனதுக்கப்புறம் நீங்க பதினோரு நாள் வாயே திறக்கலீங்க. வில்லை எடுத்த அன்னிக்குத்தான் இன்னும் ஒரு தோசை வேணும்னு கேட்டீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?"

பதினோரு நாளுங்க தம்பி. கொஞ்ச நாள் சும்மா உக்காந்திருந்தேன்னு உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அது பதினோரு நாளு. அவ எண்ணியிருக்கறா. எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மைதானத்துல, ஊரே பாக்க, அம்பது வயசு ஆம்பளை, கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது. நகரு, நானே சரி பண்ணித் தர்றேன்னு போல்ட்டுல கை வெக்கப் போனேன். வேண்டாம்னு கையைத் தள்ளிட்டா. போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. நான் எங்க நிக்கறது, என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன்.

அவ என்னைப் பாத்தா. எந்திரிச்சுப் போயி, கொடி நட்டு வெக்கற நீளக் கம்பு ஒண்ணு கொண்டு வந்தா. ஏழடி இருக்கும். அதோட நுனியில பேப்பரை நாலு துணிக் கிளிப்பு போட்டு மாட்டி, இந்த முனையை என் கையில குடுத்தா. ஓரமா நின்னு நீட்டிப் பிடிங்க, ஆட்டாதீங்கன்னா.

பிடிச்சேன். அவ நின்னு நாணை இழுத்தா. நம்புவீங்களோ மாட்டீங்களோ, அன்னிக்கு வரைக்கும் அவ அம்பு விட்டு நான் பாத்ததே இல்லை. எட்டு மாசம் அவ வில்லுக்கு அளவு வெச்சவன், அவ பிடிக்கற கையைப் பாத்ததில்லை. நான் வில்லைத் தறி லீவரைப் பிடிக்கற மாதிரி இறுக்கிப் பிடிப்பேன். அவ பிடிக்கறதே இல்லீங்க. வில்லு அவ உள்ளங்கையில சாஞ்சு நிக்குது, விரலெல்லாம் சும்மா தொங்குது. மொத அம்பு பேப்பரை ரெண்டு விரல் அகலத்துக்கு இடது பக்கமாக் கிழிச்சுட்டுப் போச்சு. அது என் கைக்கு வெச்ச அளவு. கார் ஷெட்டுல நான் அடிச்ச பொட்டு ஓட்டை எல்லாம் என் கைக்கு விழுந்த ஓட்டை.

அவ ஸ்குரூவைத் திருப்புனா. அடிச்சா. திருப்புனா. அடிச்சா. பதினாலு அம்பு. அவ பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி, அவசரமே இல்லாத மாதிரி வேலை பண்ணினா. ஒரு நல்ல பிட்டர் அப்படித்தான் பண்ணுவான். நான் கம்பை ஆட விடலை. பதினாலாவது அம்புக்குப் பொட்டு ஓட்டை விழுந்துச்சு. அது என்னோடதை விடச் சின்னது. பொய் சொல்ல மாட்டேன்.

போட்டி ஆரம்பிச்சுது. மொத ரெண்டு சுத்து மோசம். பேப்பருக்குச் சரியானாலும் அம்பது மீட்டருக்குக் குறிக் கம்பியில அளவு புதுசாப் பிடிக்கணும், போட்டி நடக்கறப்பவே பிடிச்சா. பலகையில அவ பேரு பதினொண்ணாவதா இருந்துச்சு. நாலு பேரைத்தான் எடுப்பாங்க. இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான், அடுத்த வருஷம் தோள்பட்டைக்கு ஆபரேஷன்னு டாக்டர் தேதியே குடுத்துட்டாரு. நான் சாமியைக் கூடக் கும்பிடலீங்க, எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கும்பிடறது. வெயில்ல போயி நின்னுக்கிட்டேன். அவளும் வெயில்லதானே நிக்கறா.

மூணாவது சுத்துல இருந்து ஏற ஆரம்பிச்சா. ஒன்பது, ஏழு, ஆறு. கடைசி அம்புக்கு முன்னாடி அஞ்சாவது இடம். அதை விடறப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்து பாத்தா பலகையில நாலாவது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

வீட்டுக்கு வந்ததும் ஆலன் கீ செட்டை அவ கையில குடுத்துட்டேன். இனிமே வில்லைத் தொட மாட்டேன்னேன். அவ அதை வாங்கி மேசை மேல வெச்சுட்டு, மெழுகு யாரு போடறதாம், எனக்கு அவ்வளவு பொறுமையாத் தேய்க்க வராதுன்னா. அதனால மெழுகு இன்னிக்கும் என் பொறுப்புத்தான். ராஞ்சிக்கும் நீங்க வந்தாத்தான் ஆகும்னா. அங்கயும் போட்டிக்கு முன்னாடி பேப்பர்ல பாக்கணுமாம். நீங்க பிடிச்சாத்தான் அது ஆடாம நிக்குதுங்கன்னா. அது என்னமோ வாஸ்தவம்தான். பிட்டர் கையி பாருங்க. ஒரு மாசமா ஊரெல்லாம் இதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

இன்னிக்குக் காலைல பெட்டியைக் கட்டறப்ப, அடியில என்னமோ கிளிங்குனு சத்தம் கேட்டுச்சு. அவ குளிச்சுக்கிட்டு இருந்தா. எட்டு மாசமா வில்லை எடுத்து வெச்சாலும் நான் தொடாத அடித் துணியை விலக்கிப் பாத்தேன். ஒரு ஸ்டாண்டுங்க. மடிக்கற மாதிரி ரெண்டு காலு, குறுக்க ஒரு கம்பி, அதுல நாலு கிளிப்பு. பேப்பர் மாட்டறதுக்குன்னே விக்கறது. வீடியோவுல அந்தத் தாடிக்காரன் வெச்சிருப்பான். புதுசு இல்லை தம்பி. காலெல்லாம் மண்ணு, கிளிப்பு நாலும் தேய்ஞ்சு கிடக்குது. எட்டு மாசமாத் தினம் காலைல அதைத்தான் நட்டு வெச்சு அடிச்சிருக்கறா. அன்னிக்கு மைதானத்துலயும் அது இந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கும்.

அதைக் கையில எடுத்துப் பிரிச்சுப் பாத்தேன். ஒரு கிளிப்பு கோணலா இருந்துச்சு. இடுக்கி எடுத்து ஒரு அழுத்து அழுத்துனா நேராயிருக்கும். அழுத்தலீங்க. இருந்தது இருந்த மாதிரியே மடிச்சு, அதே துணியைப் போத்தி, பெட்டியை மூடிட்டேன். அவ வந்து, எல்லாம் வெச்சாச்சுங்களான்னு கேட்டா. வெச்சாச்சுன்னேன். முகத்துல ஒண்ணும் காட்டிக்கலை.

எட்டு மாசம் அவ காட்டிக்காம இருந்தாளே, நானும் ஒரு எட்டு மாசம் இருந்து பாக்கறேன்னு முடிவு பண்ணியிருக்கறேன். கஷ்டம்தான். பஸ் ஏறி முக்கால் மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள உங்ககிட்டச் சொல்லிட்டேன்.